அத்தியாயம் 6: எழுதிய மென்பொருளைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது

முதலீட்டுப் பேச்சு முற்றி, கையெழுத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பெரும்பாலான கம்பெனிகளில் இந்தக் கேள்வி எழுகிறது. முதலீட்டாளரின் வக்கீல் அனுப்பும் ஆவணப் பட்டியலின் நடுவில் ஒரு வரி இருக்கும்: மென்பொருளின் உரிமை கம்பெனிக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் பத்திரங்களைத் தரவும். "நான்தானே ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதினேன், என் கம்பெனிதானே, இதுக்கு என்ன பத்திரம்?" என்பார் கோட் எழுதிய நிறுவனர். நிலம் வாங்குகிறவர் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் பணம் தர மாட்டார் அல்லவா? மென்பொருளை நம்பிப் பணம் போடுகிறவரும் அதையேதான் கேட்கிறார்.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மென்பொருள் யாருடையது, அதன் விலை என்ன, அதை எழுதியவருக்குக் கம்பெனியில் எவ்வளவு பங்கு. மூன்றையும் ஒரே உட்காரலில் பேசித் தீர்க்கப் பார்ப்பதால்தான் நண்பர்கள் பிரிகிறார்கள். பங்கு முடிவாகவில்லை என்று விலை நிற்கிறது, விலை முடிவாகவில்லை என்று கையெழுத்து நிற்கிறது, அதற்குள் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் உரிமையை மாற்றுங்கள், பிறகு விலையை நிதானமாகக் கணக்கிடுங்கள், பங்குப் பிரிவினையைக் கடைசியாகப் பேசுங்கள். விலை இன்னும் படியவில்லையா? எந்த முறையில், எத்தனை நாளுக்குள், யார் முடிவு செய்வார் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டு உரிமையை இன்றே மாற்றிக் கொடுக்கலாம்.

கையில் பிடித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். திருப்பூர்ப் பனியன் தொழிலை வைத்துக்கொள்வோம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணியாகச் சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். ஒவ்வோர் இடத்துக்கும் டெலிவரி சலான், ஒவ்வோர் இடத்திலும் எடைக் குறைவு. எவ்வளவு குறைந்தால் நியாயம், எவ்வளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரங்களில் எழுதியிருக்கிறார். 11 யூனிட்டுகள் மாதம் 1,500 ரூபாய் கட்டிப் பயன்படுத்துகின்றன. இப்போது 10 லட்சம் ரூபாயோடு ஒரு கூட்டாளி வருகிறார், பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கப் போகிறார்கள். ஆட்களும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, சிக்கல் உண்மையானது.

சட்டப்படி இன்று யாருடையது

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் உரிமையாளர் எழுதியவர்தான். ஒருவர் சம்பள வேலையில் இருந்து, அந்த வேலையின் பகுதியாக எழுதினால் மட்டும், மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாத நிலையில், முதலாளிக்கு உரிமை போகும். இது 17-வது பிரிவு.

இதை நம் எடுத்துக்காட்டில் பொருத்திப் பாருங்கள். கம்பெனி பதிவாவதற்கு முன் எழுதியது எல்லாம் எழுதியவருடையது. கம்பெனி அப்போது பிறக்கவே இல்லை, அதனிடம் அவர் வேலை பார்த்திருக்க முடியாது. பதிவான பிறகு? அவர் இயக்குநர், பங்குதாரர். சம்பளமும் இல்லை, வேலை ஒப்பந்தமும் இல்லை என்றால் அவரை ஊழியர் என்று சொல்வதே வாதத்துக்கு உரியது. எனவே கம்பெனி தொடங்கிய பிறகு எழுதிய கோடும் தானாகக் கம்பெனிக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வெளியாள் எழுதிய பகுதியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மொபைல் ஆப் செய்து தந்த ஃப்ரீலான்சருக்கு முழுப் பணமும் வங்கி வழியாகக் கொடுத்திருப்பீர்கள், பில்லும் இருக்கும். பில் பணம் கொடுத்ததற்குச் சாட்சி. பதிப்புரிமை மாறியதற்குச் சாட்சி ஆகாது. லீவில் வந்து இரண்டு மாதம் உதவிய கல்லூரி மாணவர், லோகோவும் திரைகளும் வரைந்த தோழி, ஆரம்பத்தில் கூட இருந்துவிட்டு வெளிநாடு போன நண்பர் எல்லோரும் தாங்கள் செய்த பகுதிக்கு இன்றும் உரிமையாளர்களாக இருக்கக்கூடும்.

எழுதியவரின் கையிலேயே உரிமை இல்லாத நிலையும் உண்டு. பகலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும் கம்பெனிக்கே என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அலுவலக நேரம், அலுவலக மடிக்கணினி என்று வரம்பு போட்டவையும் உண்டு. ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியை வடிவமைத்தபோது ஹியூலட்-பேக்கார்டில் வேலையில் இருந்தார். வடிவமைப்பை முதலில் அந்தக் கம்பெனியிடமே காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றதும், தங்களுக்கு உரிமை கோரிக்கை இல்லை என்று அவர்களிடமிருந்தே விடுவிப்பு வாங்கிக்கொண்டார். அந்த ஒரு காகிதம் இல்லாமல் 1976-இல் ஆப்பிள் தொடங்கியிருந்தால் பின்னால் எத்தனை வழக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பழைய முதலாளியிடம் அப்படி ஒரு மின்னஞ்சல் வாங்குவது சங்கடமான வேலைதான். கம்பெனி சிறியதாக இருக்கும்போது கேட்டால் அவர்களும் யோசிக்காமல் தந்துவிடுவார்கள். செய்தித்தாளில் பெயர் வந்த பிறகு கேட்டால் வக்கீலை வைத்துத்தான் பதில் சொல்வார்கள்.

கல்லூரியும் அப்படியே. லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. கூகுள் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது, பதிலுக்குப் பல்கலைக்கழகத்துக்கு 18 லட்சம் பங்குகள் கொடுத்தது. 2005-இல் அந்தப் பங்குகளை விற்ற ஸ்டான்ஃபோர்டுக்கு 33.6 கோடி டாலர் கிடைத்தது. நம் ஊரிலும் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு அறிவுசார் சொத்துக் கொள்கை எழுத்தில் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டிலோ கல்லூரி இன்குபேட்டரிலோ தொடங்கிய மென்பொருள் என்றால் அந்தக் கொள்கையை வாங்கிப் படித்துவிட்டு மேலே போங்கள்.

பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்

இந்த அத்தியாயத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றித் தருபவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, பிரதிபலன் என்ன என்பதும் இருக்க வேண்டும். வாய்வார்த்தையும் வாட்ஸ்அப் "ஓகே"யும் போதாது.

சிலவற்றை எழுதாமல் விட்டால் சட்டமே ஒரு பதிலை நிரப்பிக்கொள்கிறது, அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பக்க மாதிரியில் கையெழுத்துப் போட்ட கம்பெனி, ஆறாவது ஆண்டில் தன் மென்பொருளை வங்காளதேசத்து யூனிட்டுக்கு விற்கப் போகும்போது, இரண்டு காரணங்களால் மாட்டிக்கொள்ளும். இன்னொரு பொறியும் அதே பிரிவில் இருக்கிறது: மாற்றி வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், அந்த உரிமையின் மாற்றம் காலாவதியாகும். தொடங்கிய முதல் ஆண்டில் பாதி அம்சங்களை வெளியிடாமல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது சிறிய விஷயம் இல்லை.

எனவே முக்கியமான வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும். பத்திரம் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். பொருள் இதுதானா என்று பாருங்கள்.

"எழுதிக் கொடுப்பவர், இணைப்பு 1-இல் கண்ட மென்பொருளின் மூல நிரல், இயக்க நிரல், தரவுத்தள அமைப்பு, திரை வடிவமைப்பு, ஆவணங்கள் ஆகியவற்றில் தமக்குள்ள பதிப்புரிமை முழுவதையும், அந்த உரிமை நீடிக்கும் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், இந்தப் பத்திரத்தின் மூலம் கம்பெனிக்கு மாற்றித் தருகிறார். கம்பெனி ஓராண்டுக்குள் இந்த உரிமைகளைப் பயன்படுத்தாவிட்டாலும் இம்மாற்றம் காலாவதி ஆகாது. இன்று முதல் கம்பெனிக்காக எழுதப்போகும் நிரல்களின் பதிப்புரிமையும் அவை உருவாகும் கணத்திலேயே கம்பெனிக்கு மாறும்."

கடைசி வரிக்கு 18-வது பிரிவு இடம் தருகிறது. இனி உருவாகப்போகும் படைப்பின் உரிமையையும் இன்றே மாற்றிக் கொடுக்கலாம், படைப்பு உருவானதும் அது நடைமுறைக்கு வரும். "மாற்றித் தருகிறார்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறார்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ரோஷ் நிறுவனத்தோடு நடத்திய வழக்கு இதில்தான் திரும்பியது. ஓர் ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தர ஒப்புக்கொள்வதாகவும், பிறகு ஒரு தனியார் கம்பெனிக்கு இதன்மூலம் மாற்றித் தருவதாகவும் கையெழுத்திட்டிருந்தார். முதலாவது வெறும் வாக்குறுதி, இரண்டாவதுதான் மாற்றம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல் சொன்னது. 2011-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஸ்டான்ஃபோர்ட் தோற்றது. அது காப்புரிமை வழக்கு, வேறு நாட்டுச் சட்டம். என்றாலும் வாக்குறுதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உரிமைப் பத்திரம் என்று நம்பியிருப்பது எங்கேயும் ஆபத்துதான்.

இணைப்பு 1-ஐப் பலர் "எடைக்கணக்கு மென்பொருள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த எடைக்கணக்கு மென்பொருள்? சென்ற ஆண்டுப் பதிப்பா, இந்த மாதத்தியதா? ஒவ்வொரு ரெப்பாசிட்டரியின் பெயர், அது இருக்கும் முகவரி, கையெழுத்து நாளில் கடைசி கமிட்டின் 40 எழுத்து அடையாளம், தேதி, அதில் பங்களித்தவர்களின் பட்டியல் இவ்வளவும் வேண்டும். கிட் தானே இந்த வரலாற்றை வைத்திருக்கிறது. எடுத்து ஒட்ட ஐந்து நிமிடம் ஆகாது. கோடில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த 40 எழுத்து அடையாளம் மாறிவிடும் என்பதால், பின்னாளில் எதை எழுதிக் கொடுத்தோம் என்ற தகராறே வராது. பங்களித்தவர் பட்டியலில் நிறுவனர் அல்லாத பெயர் ஒன்று வந்தால் அவரிடமும் தனிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இணைப்பு 2-இல் மாற்றித் தராதவற்றை எழுதுங்கள். எழுதியவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பொதுவான சிறு கருவிகள், திறந்த மூல நூலகங்கள் ஆகியவை இங்கே வரும். முன்னதைக் கம்பெனி எப்போதும் இலவசமாகப் பயன்படுத்த உரிமம் தந்தால் போதும். பின்னதை உங்களால் எழுதிக் கொடுக்கவே முடியாது, அது உங்களுடையது இல்லை. அதன் உரிம நிபந்தனையை மட்டும் பாருங்கள். எம்.ஐ.டி., அப்பாச்சி உரிமங்கள் தொந்தரவு தருவதில்லை. ஜி.பி.எல்., ஏ.ஜி.பி.எல். உரிமம் கொண்ட பகுதி உங்கள் கோடோடு கலந்திருந்தால் முதலீட்டாளரின் வக்கீல் கட்டாயம் கேட்பார்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு கவனம். எழுதிக் கொடுக்கும் நிறுவனரே கம்பெனி சார்பிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தமக்குள்ள நலனை அவர் இயக்குநர் குழுவில் வெளிப்படுத்தட்டும். குழு தீர்மானம் போட்டு, இன்னொரு இயக்குநர் கம்பெனிக்காகக் கையெழுத்திடட்டும். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் வக்கீலிடம் கேட்டுப் பத்திரத்தாள் வாங்குங்கள்.

விலை வைப்பது

எழுதியவரின் மனதில் ஒரு தொகை இருக்கும். இத்தனை மாதம் தூக்கம் கெட்டேன், அந்த நேரத்தில் வெளியே வேலை செய்திருந்தால் இவ்வளவு சம்பாதித்திருப்பேன் என்று அந்தத் தொகை வந்திருக்கும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் விலை அதிலிருந்து வராது. மூன்று முறை திருத்தி எழுதியதற்காக வாங்குகிறவர் மூன்று மடங்கு தர மாட்டார். கூட்டாளி சொல்லும் தொகையும் சரியாக இராது. "யாராவது ஒரு பையனை வச்சு ரெண்டு மாசத்துல எழுதிடலாம்" என்பவர், என்ன எழுத வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆன காலத்தை மறந்துவிடுகிறார்.

மதிப்பீட்டாளர்கள் மூன்று வழிகளில் பார்ப்பார்கள்: மறுபடி உருவாக்க ஆகும் செலவு, சந்தையில் இதைப் போன்றது விற்ற விலை, இனி ஈட்டித் தரப்போகும் வருமானம். இளம் கம்பெனியின் மென்பொருளுக்குச் சந்தை விலை பெரும்பாலும் கிடைக்காது. மற்ற இரண்டையும் போட்டுப் பார்ப்போம்.

நம் மென்பொருளை இன்று, என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த நிலையில், தேர்ந்த ஒருவர் மறுபடி எழுத 9 மாதம் ஆகும் என்று வெளி ஆள் ஒருவர் கோடைப் பார்த்துச் சொல்கிறார். மாதத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்து 90,000 ரூபாய் என்றால் 8,10,000. அதில் உள்ள மொபைல் ஆப்பை எப்படியும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதப் போகிறார்கள். அதற்கான 2 மாதத்தைக் கழித்தால் 6,30,000. பழைய நூலகங்களை மாற்றிச் சீர்செய்ய ஒன்றரை மாதம் தேவை. 1,35,000-ஐக் கழித்தால் 4,95,000. இங்கே நின்றுவிட்டால் எழுதியவருக்கு அநியாயம். எந்தச் சாயத்துக்கு எவ்வளவு எடைக் குறைவு நியாயம் என்ற விதிகளைப் பட்டறை பட்டறையாகப் போய்ச் சரிபார்த்து நிரலில் ஏற்றியிருக்கிறார். அந்த அறிவை இன்னொருவர் திரட்ட 2 மாதம் என்று வைத்து 1,80,000 சேர்த்தால் 6,75,000.

அடுத்து வருமான வழி. 11 யூனிட், மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 1,98,000. சர்வர், போன், நேரில் போய்ப் பார்க்கும் செலவு 98,000 போனால் 1,00,000 மிச்சம். இந்தக் கோட் 5 ஆண்டு தாங்கும், இவ்வளவு இளம் தொழிலின் ஆபத்துக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் தள்ளுபடி என்று வைத்தால், இன்றைய மதிப்பு ஏறக்குறைய 2,44,000 ரூபாய். புதிய வாடிக்கையாளர்கள் வருவார்களே என்றால், வருவார்கள். அவர்களைக் கொண்டுவரப் போவது கூட்டாளியின் பணமும் இருவரின் இனிவரும் உழைப்பும். அதன் பலனை இன்றைய கோடின் விலையில் ஏற்றக் கூடாது. மேல் எல்லை ஆறே முக்கால் லட்சம், கீழ் எல்லை இரண்டரை லட்சம். இருவரும் 5 லட்சத்தில் கைகுலுக்கினால் அது நேர்மையான விலை.

5 லட்சம் குறைவாகத் தோன்றுகிறதா? 1981 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து 86-டாஸ் இயங்குதளத்தின் முழு உரிமையை 50,000 டாலருக்கு வாங்கியது; அதற்கு முன் உரிமத்துக்காக 25,000 டாலர் கொடுத்திருந்தது. பின்னால் டாஸ் ஈட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பணம் கோடிலிருந்து மட்டும் வரவில்லை. ஐ.பி.எம்.மோடு போட்ட ஒப்பந்தமும், பிற கணினிக் கம்பெனிகளுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட முடிவும்தான் அதை ஈட்டின. எழுதியவர் கோடை விற்றுவிட்டுப் போகிறவராக இருந்தால் அந்தக் கதை அவருக்கு வயிற்றெரிச்சல். நம் நிறுவனர் கம்பெனியிலேயே இருக்கிறார். எதிர்காலப் பலன் அவருக்குப் பங்கு வழியாக வரும். கோடின் விலையில் அதையும் கேட்டால் ஒரே பலனுக்கு இரண்டு முறை கூலி கேட்டதாகும்.

எப்படிக் கொடுப்பது

எளிய வழி, கம்பெனி தொடங்கும்போதே நிறுவனர்கள் பேசி முடித்த விகிதத்தில் முகமதிப்புக்குப் பங்கு எடுத்துக்கொண்டு, மென்பொருளைச் சிறு தொகைக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. கோடின் மதிப்பு அந்த விகிதத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. மிகப் பல கம்பெனிகளுக்கு இதுவே போதும், என் பரிந்துரையும் இதுதான்.

கம்பெனி தொடங்கிக் கொஞ்ச காலம் ஆன பிறகு கோடுக்குப் பதிலாகப் பங்கு கொடுப்பதென்றால் வேலை கூடும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 192-வது பிரிவுப்படி, இயக்குநரிடமிருந்து ரொக்கம் அல்லாத பிரதிபலனுக்குச் சொத்து வாங்கப் பொதுக்குழுவின் முன் அனுமதி வேண்டும், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் கணக்கிட்ட மதிப்பைக் கூட்ட அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். பங்கு ஒதுக்குவதற்குத் தனியாக 62-வது பிரிவின் நடைமுறை இருக்கிறது. 54-வது பிரிவின்படி ஸ்வெட் ஈக்விட்டியாகவும் கொடுக்கலாம். தொழில்நுட்ப அறிவுக்கும் அறிவுசார் சொத்துக்கும் ஈடாக இயக்குநருக்கும் ஊழியருக்கும் தரும் பங்கு அது. ஓராண்டில் செலுத்தப்பட்ட மூலதனத்தில் 15 சதவீதம் அல்லது 5 கோடி ரூபாய் வெளியீட்டு மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அது வரம்பு. மொத்தமாக 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம் வரை போகலாம். மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாது.

மூன்றாவது வழி, 5 லட்சத்தைக் கம்பெனி நிறுவனருக்குத் தர வேண்டிய பாக்கியாக எழுதி, விற்பனை ஒரு அளவைத் தாண்டிய பிறகு தவணையில் கொடுப்பது. முதலீட்டாளர்கள் தங்கள் பணம் பழைய பாக்கிக்குப் போவதை விரும்புவதில்லை என்பதால், விற்பனை வருமானத்திலிருந்து மட்டும் என்று எழுதி வைப்பது நல்லது.

எந்த வழி என்றாலும் கையெழுத்துக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். கையில் ஒரு ரூபாய் வராமலே வரி வரலாம். ஊழியராகவும் இருக்கும் இயக்குநருக்கு ஸ்வெட் ஈக்விட்டி கிடைத்தால் அதன் மதிப்பு சம்பள வருமானத்தில் சேரும். தானே எழுதிய மென்பொருளுக்கு வாங்கிய விலை என்று காட்ட ஒன்றும் இல்லாததால், விற்ற தொகை முழுவதுமே வருமானமாகிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதக் கேள்வியும் எழும். அழகுக்காக விலையை 2 கோடி என்று போட்டுக்கொள்ளும் நிறுவனர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. தனக்குத்தானே விலை வைத்துக்கொள்வது பெயரையும் கெடுக்கும். வீவொர்க் 2019-இல் பங்குச் சந்தைக்கு வர ஆவணம் தாக்கல் செய்தபோது, "வீ" என்ற வணிகப் பெயரின் உரிமைக்காக நிறுவனருக்குத் தொடர்புடைய அமைப்புக்கு 59 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்கு கொடுத்தது வெளியே தெரிந்தது. கண்டனம் எழுந்து, அதைத் திருப்பித் தர நேர்ந்தது.

பங்கு

நேற்றைய கோடையும் நாளைய உழைப்பையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் இருவரும் மொத்தப் பங்கில் 30 சதவீதத்தை இதுவரை கொண்டுவந்ததற்கும், 70 சதவீதத்தை வரும் நான்கு ஆண்டு உழைப்புக்கும் ஒதுக்குகிறார்கள் என்று கொள்வோம். கொண்டுவந்தது 5 லட்ச ரூபாய்க் கோடும் 10 லட்ச ரூபாய்ப் பணமும். எனவே 30-இல் எழுதியவருக்கு 10, கூட்டாளிக்கு 20. உழைப்பில் எழுதியவர் முழு நேரம், கூட்டாளி பாதி நேரம். 70-ஐ இரண்டுக்கு ஒன்றாகப் பிரித்தால் ஏறக்குறைய 47-உம் 23-உம். மொத்தம் 57-க்கு 43. முதல் 30 உடனே சொந்தம். பின்னுள்ள 70 நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சொந்தமாகும். ஓராண்டுக்குள் விலகினால் அதில் ஒன்றும் இல்லை. பங்குகளை இப்போதே பெயரில் ஒதுக்கிவிட்டு, விலகினால் சம்பாதிக்காத பகுதியை முகமதிப்புக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் நடைமுறை.

30-70 என்பது வேதவாக்கு இல்லை. மென்பொருள் முழுமையடைந்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தால் முதல் தட்டு கனக்க வேண்டும். வெறும் மாதிரி வடிவம் என்றால் 10 சதவீதமே அதிகம். எந்த எண்ணாக இருந்தாலும், கோட் எழுதியவர் இரண்டாம் ஆண்டில் விலகினாலும் கம்பெனியிடம் கோடும் இருக்கும், அவரிடம் அதற்குரிய நியாயமான பங்கும் இருக்கும்.

சாவிகளை ஒப்படைப்பது

பத்திரம் கையெழுத்தான அன்றே கணக்குகளையும் மாற்றுங்கள். கிட்ஹப் ரெப்பாசிட்டரி தனிநபர் கணக்கிலிருந்து கம்பெனியின் கணக்குக்கு. டொமைன் பெயர், கிளவுட் சர்வரின் மூலக் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு, பேமென்ட் கேட்வே, எஸ்.எம்.எஸ். அனுப்பும் டி.எல்.டி. பதிவு எல்லாம் கம்பெனி பெயரிலும் கம்பெனி மின்னஞ்சலிலும். ஆண்ட்ராய்டு ஆப்பில் கையொப்பமிடும் கீஸ்டோர் கோப்பு எழுதியவரின் பழைய மடிக்கணினியில் மட்டும் இருந்து தொலைந்துபோனால், கூகுளின் கையொப்பச் சேவையில் சேராத ஆப்பைப் புதுப்பிக்கவே முடியாது. இரண்டு அலைபேசிகளில் இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள், ஒரே ஆளின் சிம் கார்டை நம்பிக் கம்பெனி நிற்க வேண்டாம்.

விலகிப் போனவரின் கையெழுத்து

முன்பு உதவிவிட்டுப் போனவர்களிடம் கையெழுத்து வாங்குவதைத் தள்ளிப் போடாதீர்கள். போனில் நேராகப் பேசுங்கள்: "தம்பி, நீ எழுதின பில்லிங் பகுதி இன்னும் ஓடிட்டு இருக்கு. கம்பெனி பேர்ல முறைப்படி எழுதிக் கொடுக்கணும், அதுக்கு உனக்கு ஒரு தொகை தர்றோம்." இணைப்பில் அவர் எழுதிய கோப்புகளை மட்டும் பட்டியலிடுங்கள், தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். முதலீடு வரப்போவதை மறைத்துக் கையெழுத்து வாங்கினால், செய்தி தெரிந்த நாளில் அவர் எதிரியாகிவிடுவார். அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறுத்தாலோ, தர முடியாத தொகை கேட்டாலோ, அந்தப் பகுதியை அவருடைய கோடைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்ற விவரக்குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். யார் எழுதினார், எந்தத் தேதியில் தொடங்கினார், எதைப் பார்த்து எழுதினார் என்ற பதிவும், புது ஆளின் கையெழுத்தும் கோப்பில் இருக்கட்டும். பழைய பகுதியைச் சர்வரிலிருந்து எடுத்த தேதியையும் அதே கோப்பில் குறித்து வையுங்கள்.